சாக்கே கடை முனை

அன்புள்ள நண்பனுக்கு,

கால் வலி குறைந்ததா? இங்கே மழை விட்டுவிட்டது. இலையுதிர்காலத் தேரை இந்த வருஷமும் இழுத்தோம். முன்சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடும் வேலையை மறுபடியும் எனக்கே கொடுத்தார்கள். நான் மறுக்கவில்லை.

நீ வடம் பிடிக்கிற அதே இடத்தில் உன் மகள் சிசாத்தோ ஓடினாள். சாக்கே மது விற்கிற அந்தக் கடை முனை நெருங்கியது. போன வருஷம் தேர் திரும்பாமல் உன்னைச் சுவரோடு வைத்து நெரித்தது அங்கேதான். மேளம் வேகமெடுத்தது. முனைக்கு வெகு முன்பே கட்டையைப் போட்டுவிட்டேன். தேர் குலுங்கி நடுத்தெருவில் நின்றது. கூட்டம் சிரித்தது.

"என்னய்யா, போன வருஷம் கட்டை வழுக்கிச்சு, இந்த வருஷம் நீ வழுக்கிட்டியா?" என்று தேர்க்குழுத் தலைவர் உகீத்தா கத்தினார்.

"போன வருஷம் கட்டை வழுக்கலைங்க. மாடியில நின்னவங்களுக்குக் கை காட்டிக்கிட்டிருந்தேன். லேட்டாப் போட்டுட்டேன்."

மேளம்கூட ஓய்ந்துவிட்டது. சிசாத்தோ வடத்தை விட்டுவிட்டு என்னிடம் வந்தாள். அடிப்பாள் என்று நினைத்தேன்.

"இத அப்பாகிட்ட நீங்களே சொல்லுங்க, மாமா. நான் சொல்லமாட்டேன்."

உன் கால் நசுங்கியது என்னால்தான். மருத்துவமனையில் உனக்குப் பேரிக்காய் உரித்துக் கொடுத்த நாளெல்லாம் இது என் வாய்வரை வந்து திரும்பிப் போனது.

மன்னிப்புக் கேட்கவும் கூசுகிற,
உன் நண்பன்