காற்றுக்கண்

பக்கத்து வீட்டில் தச்சர் காலையிலிருந்து பலகை அறுக்கிறார். பச்சை மரவாசனை அடுப்படிவரை வந்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. புருஷன் போய் வருஷம் திரும்பவில்லை, இவளுக்குச் சிரிப்பு கேட்கிறதா என்று யாராவது நினைத்திருப்பார்கள். நினைக்கட்டும்.

மலாயாவில், செடெனாக் ரப்பர் தோட்டத்துக் கூலியாட்கள் குடியிருந்த லயத்துக்கு ஜன்னல் வேண்டுமென்று, தோட்ட ஆபீசில் கணக்கெழுதிய நீங்கள் துரையிடம் நடையாய் நடந்தீர்கள். காற்றில்லாத அறையில் கிடந்து இருமுகிறவர்களுக்குத் தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெசர் மருந்து கொடுத்து என்ன பயன் என்பீர்கள். ரப்பர் விலை விழுந்துகிடந்த நேரம். துரை ஒரே ஒரு லயத்துக்குத்தான் சம்மதித்தார். ஆட்கள் திறந்துவைத்துப் புழங்கினால் மற்ற லயங்களுக்கும் உண்டு. இல்லாவிட்டால் அதோடு சரி.

தோட்டத்துத் தச்சர் சுவரில் சதுரம் சதுரமாக வெட்டி முடித்தார். அத்தோடு நீங்கள் சும்மா இருந்திருக்கலாம். "வேர் தெரியாம ஒரு வார்த்தையப் பேசக்கூடாது" என்பவராயிற்றே. எல்லாரையும் கூட்டிவைத்து விண்டோவுக்கு வேர் சொன்னீர்கள். ஐரோப்பாவின் வடக்கே பனிக்கடல் ஓரத்து மக்களின் பழைய பேச்சில் விண்ட் என்றால் காற்றாம், அவுகா என்றால் கண்ணாம். நான் உங்களை ஊர்ப் பேச்சில் 'அவுக' என்கிறவள். பெண்கள் என்னைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"ஆக, விண்டோன்னா காத்தோட கண்ணு."

சிரிப்பு நின்றது. கங்காணியின் மனைவி மெல்லக் கேட்டார்: "காத்துன்னா, காத்து கருப்பாங்க ஐயா? அது ராத்திரி முழுக்க எங்க புள்ளைங்களப் பாத்துக்கிட்டே இருக்குமா?"

அது வெறும் சொல் என்றீர்கள். யார் கேட்டார்கள்? பொழுது சாய்வதற்குள் எல்லா ஜன்னலிலும் கோணிச்சாக்கு தொங்கியது. மறுநாள் துரை பார்க்க வருகிறார். நீங்கள் சோற்றைத் தொடவில்லை. எனக்கு ஆத்திரமாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது.

விடிந்ததும் தச்சரைக் கையோடு கூட்டிக்கொண்டு லயத்துக்குப் போனேன்.

"அவுக பாதிதான் சொன்னாக. கண்ணுன்னா இமை இருக்குமில்ல? இவரு பலகைக் கதவு போட்டுத் தருவாரு. பகல்ல திறங்க, விளக்கு வச்சதும் மூடுங்க. மூடுன கண்ணு யாரைப் பாக்கும்?"

"இத ஐயா மொதல்லயே சொல்லியிருக்கலாம்லா," என்று கங்காணியின் மனைவி ஜன்னல் சாக்கை அவிழ்த்துப் போட்டார்.

துரை வந்தார், பார்த்தார், மற்ற லயங்களுக்கும் சரி என்றார். நீங்களோ சந்தோஷப்படுவதை விட்டுவிட்டு அகராதியைப் புரட்டப் போனீர்கள். திரும்பி வந்தபோது உங்கள் முகத்தைப் பார்க்கவேண்டுமே. "இமைக்கு இங்கிலீஷ்ல லிட். பழைய நாள்ல அதுக்குக் கதவுன்னும் அர்த்தம் இருந்திருக்கு. நீ சொன்னது சரிதான்." கல்யாணமான நாளிலிருந்து நான் சொன்னது சரி என்று நீங்கள் ஒப்புக்கொண்டது அந்த ஒரு தடவைதான்.

கடைசி நாளில் உங்கள் இமைகளை நான்தான் மூடினேன். எல்லாரும் அழுதார்கள். நான் மட்டும், கதவுதானே, திறக்கும் என்று கொஞ்ச நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.