திரையில் வராத சரோஜா

இன்று காலை கைப்பேசியில் ஒரு ஜவுளிக்கடை விளம்பரம். கடைப் பெயரின் நடுவில், ‘அண்ட்’ குறி வரவேண்டிய இடத்தில், &amp; என்று அப்படியே துருத்திக்கொண்டு நின்றது. சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடிப்பாவி, காட்டிச் சிரிக்க நீ இல்லையே என்று உடனே அழுகையும் வந்தது.

இரண்டாயிரமாம் ஆண்டையொட்டி ஆரணி பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து பிரவுசிங் சென்டரில் நாம் இருவரும் வேலை பார்த்தபோது, ஒரு பட்டு வியாபாரி தன் சேலைகளுக்கு இணையப் பக்கம் கேட்டார். அவருடைய குறிப்பேட்டில் சேலை எண், அதில் நெய்த பூ வேலையான புட்டாவின் பெயர், கடைசியில் < > கோடுகளுக்குள் நெய்தவர் பெயர். உங்கள் வீட்டுச் சேலைகளுக்கு எப்போதும் உன் அப்பா பெயர்தான். தறியில் பாதி நாள் உட்கார்ந்தது உன் அம்மா. ஒரு சேலைக்காவது அம்மா பெயரைப் போடவேண்டும் என்று சண்டை போட்டு வியாபாரியைச் சம்மதிக்க வைத்தாய். ஆங்கில எழுத்தில், குறிப்பேட்டில் இருந்தபடியே தட்டினாய்.

அம்மா தறியை நிறுத்திவிட்டு, முகம் கழுவிப் பொட்டு வைத்துக்கொண்டு பார்க்க வந்தார். சேலைப் படம் வந்தது, எண் வந்தது, புட்டா வந்தது. பெயர் மட்டும் இல்லை.

“தெருவெல்லாம் சொல்லிகினு வந்தேனேடி, எங்கடி எம் பேரு?”

அவர் முகம் சுண்டிப்போனது. நீயோ பக்கத்தின் நிரலைத் திறந்து பார்த்துக் கத்தினாய்: “தோ பாரும்மா, உள்ளதான் குந்திகினு கீது!” அந்தக் கோடுகளுக்குள் இருப்பதை பிரவுசர் தனக்கான கட்டளை என்று எடுத்துக்கொள்ளும் என்பது நமக்கு அப்போது தெரியாது.

“கோட்டை எடுத்துடு, ஜல்தியா முடிஞ்சிடும்” என்றேன்.

“அதெப்படி? கோடு இல்லன்னா சரோஜான்னு ஒரு புட்டா போலன்னு நெனச்சிக்குவாங்க.”

கிழிந்த கணினிப் புத்தகம் ஒன்றில் வழி கிடைத்தது. < வரவேண்டிய இடத்தில் &lt; என்றும் > வரவேண்டிய இடத்தில் &gt; என்றும் அடித்தாய். <Saroja> பளிச்சென்று வந்தது. அம்மா திரையைத் தொட்டுப் பார்த்தார். அதற்குள் நீ, “அப்போ அந்த &lt;யையே திரையில காட்டணும்னா இன்னா பண்றது?” என்று என்னைக் குடைய ஆரம்பித்துவிட்டாய். அதற்கு &-ஐ &amp; என்று எழுதவேண்டும் என்று கண்டுபிடிக்கும்வரை என்னை வீட்டுக்கு விடவில்லை.

உன் பதினாறாம் நாள் காரியத்தில் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். “அதுல எம் பேரு இன்னும் கீதாம்மா?” வியாபாரி அந்தப் பக்கத்தை மூடி எத்தனையோ வருஷமாகிறது. “இருக்குதும்மா” என்று வாய்கூசாமல் பொய் சொன்னேன்.

இன்று உட்கார்ந்து அதைத் திரும்பச் செய்தேன். பழைய சிடியில் கிடந்த அதே சேலைப் படம், கோடுகளுக்குள் அம்மா பெயர். அடியில், பக்கத்தைச் செய்தவள் என்று உன் பெயர். அன்றைக்கு உனக்கு அது தோன்றவே இல்லை. நாளை அம்மாவிடம் கொண்டுபோகிறேன். மூன்று முறை பார்த்துவிட்டேன். ரெண்டு பேரும் தெரிகிறீர்கள்.