ஷம்ஸியாவுக்குக் கிடைத்த இடம்

மே 19, திங்கள்

ஸ்ரீவைகுண்டம் தாண்டியதும் நான் ஓட்டும் பஸ்ஸின் பின்டயர் வெடித்துவிட்டது. மாற்றி ஓட்டிக்கொண்டு ஏரல் வந்து சேர மதியமாகிவிட்டது. அடுத்த நடைக்கு முதலாளி வேறு டிரைவரை அனுப்பிவிட்டார். பகலில் நான் வீட்டில் இருப்பது அபூர்வம். வந்து பார்த்தால் என் மனைவி ஆபிதாவும் மகள் ஷம்ஸியாவும் ஆளுக்கொரு மூலையில் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறார்கள்.

ஷம்ஸியா பிளஸ் டூவில் வேதியியலில் நூற்றுக்கு நூறு. பத்தாம் வகுப்பில் வலிப்பு வரத் தொடங்கிய பிள்ளை. பதினொன்றாம் வகுப்பில் பாதி நாள் பாயில்தான் கிடந்தாள். அப்படியிருந்தும் நூறு. இதை எத்தனை தடவை எழுதினாலும் எனக்கு அலுக்காது.

பாளையங்கோட்டையில் வேதியியல் படிக்க வேண்டும் என்கிறாள். அதில் சண்டையில்லை. வலிப்பு இருப்பதைக் கல்லூரியில் சொல்லலாமா கூடாதா என்பதில்தான்.

"மூச்சு விடாதே. நாளைக்கு ஒனக்குக் கல்யாணம்னு ஒண்ணு இருக்குல்லா" என்கிறாள் ஆபிதா.

"சொல்லத்தான் செய்வேன் உம்மா. நான் கீழ விழுந்தா பக்கத்துல நிக்கவளுக்கு என்ன செய்யணும்னு தெரியாண்டாமா?"

நான் யார் பக்கமும் பேசவில்லை. பேசியிருந்தால் ஆபிதா பக்கம்தான் பேசியிருப்பேன்.

ஜூன் 4, புதன்

கல்லூரியிலிருந்து போன். வேதியியலில் இடம் இருக்கிறதாம். பெருநாள் முடிந்து திங்கள்கிழமை வரச் சொல்கிறார்கள். அல்ஹம்துலில்லாஹ்.

ஜூன் 9, திங்கள்

மனசு இன்னும் ஆறவில்லை. கோபமா, வெட்கமா, எனக்கே தெரியவில்லை.

வேதியியல் துறைத் தலைவர் ஜெபஸ்டின் சார் நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு, "நூறா? எங்க டிபார்ட்மெண்டுக்கு இப்படி ஒரு ஆள் வரணும்மா" என்றார். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அத்தோடு எழுந்து வந்திருக்கலாம். இவள் நின்றுகொண்டே சொல்கிறாள்.

"சார், எனக்கு வலிப்பு உண்டு. மாத்திரை சாப்பிடுதேன். கடைசியா வந்து ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. ஒங்கள்ட்ட சொல்லணும்னு தோணிச்சு."

அவர் பேனாவை மூடி வைத்தார்.

"கெமிஸ்ட்ரி வேண்டாம்மா. லேப்ல ஆசிட் இருக்கு, நெருப்பு இருக்கு. வரலாறு எடுத்துக்கோ. இன்னைக்கே சேந்துரலாம், நானே பேசுதேன்."

"சரி சார்" என்று என் வாயிலிருந்துதான் வந்தது.

"சரியில்ல வாப்பா" என்றாள் ஷம்ஸியா. "நீங்க மார்க்கைப் பாத்து எனக்கு இடம் குடுத்திய சார். இப்பவும் அதே மார்க்தான்."

"ஒன் நல்லதுக்குத்தான் சொல்லுதேன்."

"அப்ப எங்க டாக்டர்ட்ட ஒரு வார்த்த கேட்டுட்டுச் சொல்லுங்க சார்."

அவர் என்னைப் பார்த்தார். நான் மேசையைப் பார்த்தேன். அடுத்த வாரம்வரை இடத்தை வேறு யாருக்கும் கொடுக்காமல் வைத்திருக்கிறேன், டாக்டர் எழுதியதைக் கொண்டு வாருங்கள் என்றார்.

திரும்பி வரும்போது செய்துங்கநல்லூர், கருங்குளம் எல்லாம் போனது. ஷம்ஸியா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஜூன் 10, செவ்வாய்

அந்த மனிதர் சொல்வதில் என்ன தப்பு? வலிப்பு உள்ளவருக்கு எங்கள் தொழிலில் லைசென்ஸ் கிடையாது. அது சரிதான் என்று இத்தனை வருஷமாக நினைப்பவன் நான். அதையே ஷம்ஸியாவிடமும் சொன்னேன்.

"நீங்க மயங்கினா வண்டில இருக்க அம்புட்டு பேரும் போயிருவாவ. நான் மயங்கினா ஒரு அடுப்ப அணைக்கணும். ரெண்டும் ஒண்ணா வாப்பா?"

சாப்பிட்டுவிட்டு வண்டிக்குப் போய்விட்டேன்.

ஜூன் 11, புதன்

வரலாறு என்றால் சேர மாட்டாளாம். ஒரு வருஷம் வீட்டில் இருந்தாலும் இருப்பாளாம். ஆபிதா அழுகிறாள்.

ஜூன் 16, திங்கள்

மூன்று பேருமாகப் பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். இவளை ஆரம்பத்திலிருந்து பார்க்கிற டாக்டரம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் என்னை விட்டுவிட்டு ஷம்ஸியாவிடம் கேட்டார்.

"வீட்ல சமைப்பியா?"

"உம்மாக்கு ஒத்தாசை பண்ணுவேன். நோம்பு நாள்ல நான்தான் கஞ்சி காய்ச்சுவேன்."

"அடுப்புல நெருப்பு இல்லையா? அதுக்கு யாரும் வேண்டாம்னு சொல்லலியே."

ஆபிதா தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கும் சுருக்கென்றது. கஞ்சிப் பானைக்குப் பக்கத்தில் இவள் நிற்கும்போது ஒரு நாளும் நான் பயந்ததில்லையே. அது எப்படி?

மாத்திரையை விடக் கூடாது, தூக்கம் கெடக் கூடாது, லேபில் பக்கத்தில் எப்போதும் ஒருவர் நிற்க வேண்டும், இதைக் கவனித்தால் தாராளமாகப் படிக்கலாம் என்று எழுதிக் கொடுத்தார்.

ஜூன் 18, புதன்

பிரின்ஸிபால் அம்மாவின் அறை. ஜெபஸ்டின் சாரும் இருந்தார். டாக்டர் எழுதியதைப் படித்துவிட்டு, "எங்களுக்கு ஆட்சேபணை இல்ல. ஏதாவது நேந்தா கல்லூரி பொறுப்பில்லன்னு அப்பா ஒரு கையெழுத்துப் போட்டுருங்க" என்றார் பிரின்ஸிபால்.

அப்பாடா என்றிருந்தது. நான் பேனாவைக்கூட எடுத்துவிட்டேன். ஷம்ஸியா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எல்லாப் பிள்ளைகள் வீட்லயும் இந்தக் கையெழுத்து வாங்குவீங்களா மேடம்?"

"இல்ல."

"அப்ப எங்க வாப்பாவும் போடாண்டாம்."

போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். ஆனால் என்ன நடந்ததோ எனக்குள், பேனாவைச் சட்டைப் பையில் திரும்பச் செருகினேன். "மவ சொல்லுததுதான் மேடம். நான் போடல" என்றேன். என் வாழ்நாளில் ஒரு பெரிய மேசைக்கு முன்னால் நின்று இப்படிப் பேசியதில்லை.

பிரின்ஸிபால் ஜெபஸ்டின் சாரைப் பார்த்தார். அவர்தான் பேசினார். நாலு வருஷத்துக்கு முன் ஒரு பையனுக்கு லேபில் கை வெந்துபோனதாம். தூக்கிக்கொண்டு ஓடியது இவர்தானாம். "அந்த பயம் எனக்கு இன்னும் போகல மேடம். அதுக்கு இந்தப் பிள்ள என்ன செய்யும்? எடுத்துக்குவோம். நான் பாத்துக்கிடுதேன்." பிரின்ஸிபாலும் சரியென்று தலையசைத்தார்; கையெழுத்துக் கேட்கவில்லை.

வாசலுக்கு வந்ததும் ஷம்ஸியா ஓரமாகப் போய் நின்று அழுதாள். உள்ளே இருந்தவரை ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை.

ஜூன் 20, வெள்ளி

சேர்ந்துவிட்டாள். பி.எஸ்ஸி. வேதியியல்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

கல்லூரிக்கு ஒரு நர்ஸ் வந்து, ஒருவர் வலிப்பு வந்து விழுந்தால் என்ன செய்ய வேண்டும் என்று வகுப்புப் பிள்ளைகளுக்கு நடித்துக் காட்டினாராம். விழுந்தவளாக நடித்தது ஷம்ஸியாவாம். "எனக்குத்தான் நல்லா தெரியும்லா" என்று சிரிக்கிறாள். ஆபிதாவுக்கு முதலில் கோபம் வந்தது. பிறகு அவளும் சிரித்துவிட்டாள். நேற்று பக்கத்து வீட்டு மஹ்மூதா பீவியிடம் வலிப்பு விஷயத்தை ஆபிதாவே சொன்னாள் என்று கேள்விப்பட்டேன்.

செப்டம்பர் 24, புதன்

சோறு சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சாதாரணமாகச் சொல்கிறாள். "இன்னைக்கு லேப்ல வந்துச்சு வாப்பா."

"என்ன வந்துச்சு?"

"வலிப்பு."

கையிலிருந்த சோறு கையிலேயே நின்றுவிட்டது. அவள் நிறுத்தாமல் சொன்னாள். பக்கத்தில் நின்ற, கூடப் படிக்கும் முத்துராணி கேஸை அணைத்திருக்கிறாள். ஒருக்களித்துப் படுக்க வைத்திருக்கிறாள். ஜெபஸ்டின் சார் தன் வெள்ளைக் கோட்டைச் சுருட்டித் தலைக்கு வைத்தாராம். யாரும் கத்தவில்லையாம். கொஞ்சத்தில் தெளிந்து, தூங்கி எழுந்து, மிச்சப் பரிசோதனையையும் முத்துராணியோடு நின்று முடித்திருக்கிறாள்.

"பரிசோதனைக்குக் குடுத்த உப்பு என்னன்னு கண்டுபிடிச்சு சரியாச் சொல்லிட்டேன்" என்றாள்.

"எனக்கு ஏன் ஒரு போன் போடல?"

"போட்டு? நீங்க வண்டில இருப்பிய. எல்லாரும் பாத்துக்கிட்டாவ வாப்பா."

ஆபிதா அவள் தட்டில் இன்னொரு துண்டு மீன் வைத்தாள்.

செப்டம்பர் 25, வியாழன்

இன்று ஒரு நாள் வீட்டில் இரு என்றேன், கேட்கவில்லை. சாயங்காலம் டாக்டரம்மாவைப் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு என் வண்டியிலேயே ஏறினாள். பாளையங்கோட்டை நிறுத்தத்தில் முத்துராணி நின்றுகொண்டிருந்தாள். இரண்டு பேரும் ஏதோ பேசிக்கொண்டே போய்விட்டார்கள். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

புதிதாக வந்திருக்கும் கண்டக்டர் கிங்ஸ்டன், உவரிக்காரர், முன்னால் வந்து கேட்டார். "ஒங்க மவளா அண்ணாச்சி? என்ன படிக்கா?"

"கெமிஸ்ட்ரி" என்றேன்.

கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. முன்சீட்டில் இருந்த இரண்டு பேர் நிமிர்ந்து பார்த்தார்கள்.