மேசையின் நாலாம் பக்கம்

இஞ்சேருங்கோ,

மகன் வீட்டுக்கு ஒரு நாளைக்கென்று வந்தவள் ஏன் இன்னும் சட்டனில் எங்கட வீட்டுக்குத் திரும்பவில்லை என்று கேட்டீர்களாம். இங்கே குளிரில்லை. யப்பான் மருமகள் குட்டை மேசைக்குக் கீழே ஹீட்டர் பூட்டி, மேலே போர்வை விரித்திருக்கிறாள். நாங்கள் நிலத்தில் இருந்துகொண்டு காலை உள்ளே நீட்டுகிறோம்.

காலில் கால் படுகிறது. பட்டதும் நான் தொட்டுக் கண்ணில் ஒற்ற, இப்போது அவளும் ஒற்றுகிறாள். பேத்தி என் மடியில் இருந்து வேண்டுமென்றே தாயை உதைத்துவிட்டு ஒற்றுகிறாள். கெட்டிக்காரி.

மூன்று பக்கமும் ஆளிருக்கிறது. நாலாம் பக்கத்தால்தான் குளிர் வருகிறது. "அது மாமாவின்ரை இடம்" என்று மருமகள் ஒருவரையும் அங்கே இருக்க விடுகிறாளில்லை.

"யப்பான்காரியைக் கட்டினவன்ரை முகத்திலை முழிக்கமாட்டன்" என்றுதானே சொன்னீர்கள்? முழிக்க வேண்டாம். வந்து காலை மட்டும் நீட்டுங்கோ.

உங்கட மனுசி