மைக் அறையின் பின்பக்கம்

மார்ச் 4
மூன்றாம் நடைமேடைக்கு அறிவிப்புக் கொடுக்கும்போது பாதி வாக்கியத்தில் குரல் போய்விட்டது. வெறும் காற்றுதான் வந்தது. வெளியே யாரோ சிரித்தார்கள். இந்தப் பேருந்து நிலையத்தில் எனக்கு இருக்கும் ஒரே தகுதி குரல்தான்.

மார்ச் 9
தொண்டை மருத்துவர் குழாய் விட்டுப் பார்த்தார். "ஒரு நாளைக்கு எத்தனை சிகரெட்?" தொட்டதே இல்லை என்றேன். "அப்ப பக்கத்துல யாரு பிடிக்கிறாங்க?"
யார் பிடிக்கவில்லை? வீட்டில் இவர். வேலையில், ஜன்னலுக்கு வெளியே போகிற வருகிற டிரைவர்கள்.
குரல்நாணில் வீக்கமாம். "இப்படியே போனா குரல் மிஞ்சாதும்மா."

மார்ச் 12
நிலையம் முழுக்கப் புகைக்கத் தடை வேண்டும் என்று மேனேஜரிடம் எழுதிக் கொடுத்தேன். சாப்பிடும்போது இவரிடம் சொன்னேன். இவரும் அங்கே டிரைவர்தான்.
"காலையிலேர்ந்து ஸ்டியரிங்கப் பிடிச்சவன் ஒரு தம் போட எங்க போவான், சொல்லு? திறந்தவெளிதானே, காத்து அடிச்சுட்டுப் போயிடும்."
"எங்க அடிச்சுட்டுப் போகுது? என் தொண்டைக்குள்ளதான்."
எழுந்துபோய் பால்கனியில் பற்றவைத்தார். அவர் சொன்னதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. அதுதான் எரிச்சல்.

ஏப்ரல் 2
தடை வந்துவிட்டது! போர்டு, அபராதம், நடைமேடைதோறும் கேமரா. அறிவிப்பை நானே வாசித்தேன், கரகரத்துக்கொண்டு.
"மைக் அக்கா, இருந்த ஒரு சுகத்துலயும் மண்ணப் போட்டுட்டீங்களே!" சொன்னவர் சிரித்தார். மற்றவர்கள் சிரிக்கவில்லை.

ஏப்ரல் 5
எனக்கு ஏன் இது தோன்றவில்லை? கேமராவில் விழாத ஒரே இடம் என் அறையின் பின்சுவர். மொத்தக் கூட்டமும் அங்கே. மேனேஜர் அந்தப் பக்கம் வந்தால் மரியாதையாக நிமிர்ந்து, சிகரெட்டை முதுகுக்குப் பின்னால் மறைக்கிறார்கள். முதுகுக்குப் பின்னால்தான் என் ஜன்னல். மரியாதை அவருக்கு, புகை எனக்கு. சாத்தவும் முடியாது, ஸ்பீக்கர் ஒயர் அது வழியாகத்தான் போகிறது. சாத்தினாலும் உள்ளே வெந்து சாக வேண்டும்.
மேனேஜரிடம் போனேன். "தடை கேட்டீங்க, கொடுத்தாச்சு. பிளாட்பாரம் சுத்தமா இருக்கா இல்லையாம்மா?"
இருக்கிறது.

ஏப்ரல் 6
அந்த முதுகுகளில் ஒன்று இவருடையது. காலையில் நான் இஸ்திரி போட்டுக் கொடுத்த சட்டை.

ஏப்ரல் 27
தொண்டையில் அறுவை சிகிச்சை முடிந்து வீட்டில். குரல் வரவில்லை. "வரும், வராமலும் போகலாம்" என்கிறார் மருத்துவர் — இது ஒரு பதிலா? வேண்டியதை எழுதிக் காட்டுகிறேன். இவருக்குத் தொண்டையில் ஒன்றுமில்லை. ஆனால் என்னிடம் கிசுகிசுத்தே பேசுகிறார். சிகரெட்டை விடவில்லை. தெருமுனைக்குப் போய்விட்டு வருகிறார்.

ஜூன் 3
என்னைப் பயணிகளின் பை வைக்கும் அறைக்கு மாற்றிவிட்டார்கள். டோக்கனைக் கொடுத்தால் போதும், பேச வேண்டியதில்லை. மைக்குக்குப் புதுப்பெண். நல்ல கணீர்க் குரல். மதியம் துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு என்னிடம் வந்தாள்.
"அக்கா, இங்க தம் அடிக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்குல்ல?"
இருக்கிறது என்று தலையாட்டினேன்.