எட்டாவது காலில் பன்னிரண்டு வோல்ட்

என் உயிரான தேவி அக்கா,

அம்மா தூங்கிவிட்டாள். உன் பெயரை எழுதுவதைப் பார்த்தால்கூட அவள் அழ ஆரம்பித்துவிடுவாள் என்று போர்வைக்குள் டார்ச்சை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது. உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோனபோது உன் கம்ப்யூட்டர் பலகை எப்படி நின்றதோ அப்படியே இருக்கிறது. மெமரி ஐ.சி. எட்டையும் வைத்தால் முடிந்தது என்றாயே, அந்த எட்டு சாக்கெட்டும் காலிதான். "அதப் பாத்தாலே வயிறு எரியுது, எடுத்துப் பரண்ல போடுங்க" என்று அம்மா தினமும் சொல்கிறாள். அப்பாதான், "ஒரே ஒரு தடவ போட்டுப் பாத்துடலாம்டி. அப்புறம் உன் இஷ்டம்" என்று நிறுத்தி வைத்திருக்கிறார்.

அந்த ஒரு தடவை நாளைக்கு.

உனக்கு எத்தனையோ விஷயத்துக்கு நன்றி சொல்ல வேண்டும், அக்கா. புதுத் திரைக்கு எங்கே போவது என்று நம் வீட்டுப் பழைய கறுப்பு வெள்ளை டிவியையே திரையாக்கினாய். புரோகிராமைச் சேமிக்க மாமாவின் டேப் ரெக்கார்டர். உடைந்த கால்குலேட்டர்களின் பட்டனைப் பிடுங்கிக் கீபோர்டு. பாலிடெக்னிக் விடுதியில் டிபனை விட்டு மிச்சம் பிடித்தாய் என்று உன் தோழி வந்து சொன்னபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது. ஆனால் சாக்கெட்டில் மட்டும் நீ மிச்சம் பிடிக்கவில்லை. ஐ.சி.யை நேராகப் பலகையிலேயே ஈயத்தால் பற்றவைத்தால் செலவு குறையுமே என்று கேட்டேன். "தப்பா வாங்கிட்டா கழட்டணும்ல? பொருந்துமான்னு பாக்காம யாராச்சும் ஒட்டுவாங்களா?" என்றாய். இன்றைக்கு அந்த சாக்கெட்டுகள்தான் என்னைக் காப்பாற்றின.

அத்தை வந்திருந்தபோது கேட்டது ஞாபகம் இருக்கிறதா? "ஏன்டி தேவி, இந்தப் பொட்டி சோறு வடிக்குமா?" நீ தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "கஞ்சிய நீ வடி அத்த, கணக்க இது போடும்." அத்தை உன் முதுகில் ஒரு அடி வைத்துவிட்டு அவளே சிரித்தாள். இப்போது அவள் வந்தால் அந்தப் பலகையின் பக்கம் திரும்புவதே இல்லை.

விஷயத்துக்கு வருகிறேன். முந்தாநாள் அப்பா சென்னைக்குப் போனார், நெய்த சேலையைக் கொடுக்க. போகும்போது நீ மாதிரிக்கு வாங்கி வைத்திருந்த ஒற்றை ஐ.சி.யைத் தீப்பெட்டியில் போட்டு எடுத்துக்கொண்டார். பட்டு வாங்கப் போனால் மாதிரி நூலை விரலில் சுற்றிக்கொண்டு போவாரே, அதே மாதிரி. ஐ.சி. விற்கும் கடையில் அதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார். அதே கறுப்பு, அதே நீளம், அதே பதினாறு கால். ஏழு வாங்கினால் போதும், ஒன்றுதான் நம்மிடம் இருக்கிறதே. ஆனால் அப்பா எட்டு வாங்கினார்.

"ஒரே சேலைக்கு ரெண்டு சாயத்துப் பட்டு போடுவாங்களாமா? எட்டும் ஒரே ஈடா இருக்கட்டும்னு வாங்கிகினு வந்தேன்" என்றார். முகமெல்லாம் சிரிப்பு. நீ போன பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

பொட்டலத்தோடு கடைக்காரர் ஒரு ஜெராக்ஸ் தாளும் கொடுத்திருந்தார், எந்தக் காலுக்கு என்ன என்று. இன்று மத்தியானம் அப்பா கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு முதல் ஐ.சி.யை எடுத்துவிட்டார். நான் அப்போதுதான் தாளைப் படித்துக்கொண்டிருந்தேன். எட்டாவது கால், ஐந்து வோல்ட். நம் சாக்கெட்டில் எட்டாவது துளைக்கு வருவது பன்னிரண்டு. நீயும் நானும் மீட்டர் வைத்துப் பார்த்தோமே!

"வெக்காதப்பா!"

அந்த மாதிரிக் கத்தியது நான்தானா என்று எனக்கே தெரியவில்லை. அடுப்படியிலிருந்து அம்மா ஓடிவந்தாள். "ஷாக்கு அடிச்சிச்சா? நான் அப்பவே சொன்னேன், பரண்ல போடுங்கன்னு!"

"ஒண்ணும் இல்லடி, நீ போ" என்றார் அப்பா. என்னைப் பார்த்தார். "இன்னாமா? அதே கால்தானே?"

"கால் அதேதாம்பா. உள்ள வேற. இதுக்கு அஞ்சு போதும், பன்னெண்டு போனா கருகிடும்."

"பழசு இப்ப வர்றதில்ல, இது அதவிடப் பெருசுன்னானே கடக்காரன். ஒசத்தியப் போட்டா கெட்டா போவும்?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் வாங்கிவந்தது தப்பு என்று எந்த வாயால் சொல்வது? அப்பா ஐ.சி.யைத் திரும்பப் பொட்டலத்தில் வைத்தார், ஜரிகை நூல்கண்டை வைப்பது போல மெதுவாக. தறியில் போய் உட்கார்ந்தார். ஆனால் நெய்யவில்லை.

நான் தாளை மறுபடி மறுபடி பார்த்தேன். பயத்தில் முதலில் ஒன்றும் ஓடவில்லை. பிறகு தெரிந்தது. புது ஐ.சி.க்கு மூன்று காலில்தான் வித்தியாசம். எட்டாவதுக்குப் பன்னிரண்டு போகும் மாம்பழ மஞ்சள் வயரை எடுத்துவிட்டு ஐந்தைக் கொடுக்க வேண்டும். ஒன்றாவதுக்கு மைனஸ் ஐந்து போகும் பச்சை வயரே வேண்டாம். ஒன்பதாவதைக் கிரவுண்டோடு சேர்க்க வேண்டும். அதன் மெமரி பழையதைவிட நாலு மடங்கு, அதில் கால் பங்குதான் வேலை செய்யும், ஆனால் உன் கம்ப்யூட்டருக்கு அந்தக் கால் பங்கே முழுசு. எட்டும் ஒரே ஜாதியாக இருந்தால்தான் இது நடக்கும். அப்பா ஏழு மட்டும் வாங்கியிருந்தால், நீ வைத்திருந்த பழையதுக்குப் பன்னிரண்டு வேண்டும், புதியதுக்கு ஐந்து வேண்டும், மாற்றவே முடிந்திருக்காது. தறிக்காரர் பழக்கம் நம்மைக் கவிழ்த்ததா, காப்பாற்றியதா, நீயே சொல்.

தறியருகே போய்ச் சொன்னேன். அப்பா முழுதும் கேட்டார். பிறகு கேட்டார்: "அப்ப, தேவி வெச்ச ஒயரப் பிரிக்கணும்?"

"ஆமாம்பா."

அப்பா தறியை விட்டு எழுந்தார். "திருப்பிக் குடுத்துட்டு பழசுக்கு அலையறதா, பிரிக்கறதா, நீ சொல்லு கண்ணு. எனக்கு இதுல எழுத்தே தெரியாது. உங்க அக்காவுக்கு அப்புறம் உனக்குத்தான் தெரியும்."

அதுதான் என் பயம், அக்கா. உன் கை வைத்த ஈயப் புள்ளி ஒவ்வொன்றும் குண்டுமணி போல உருண்டு பளபளக்கிறது. அதை நான் உருக்கினால் அது திரும்ப வராது. நான் எண்ணியது தவறாக இருந்தால் எட்டும் போகும், அம்மா பலகையைப் பரணில் ஏற்றிவிடுவாள், அப்பா அதன் பிறகு ஒரு வார்த்தை சொல்லமாட்டார். நீ இருந்தால் என் கையைப் பிடித்திருப்பாயா? இல்லை, "நீயே பண்ணு, நான் பாக்கறேன்" என்று சொல்லியிருப்பாயா?

பிரிக்கப்போகிறேன். பழையது வருமென்று காத்திருந்தால் அம்மா விடமாட்டாள். காலையில் அப்பா வெளிச்சத்தில் பலகையைப் பிடித்துக்கொள்வார், நான் ஈயம் உருக்கும் அயர்னைக் காய்ச்சி வைப்பேன். காலி சாக்கெட்டில் மீட்டர் ஐந்து காட்டும்வரை ஒரு ஐ.சி.யும் வைக்கமாட்டேன்.

ஒரு சத்தியம் செய்கிறேன். கருகிப்போனால், அப்பா வாங்கிவந்தது தவறு என்று நம் வீட்டில் யாரும் ஒருநாளும் சொல்லவிடமாட்டேன். வயரைப் பிரித்தது நான் என்று நானே அம்மாவிடம் சொல்வேன். கம்ப்யூட்டர் ஓடிவிட்டால், அம்மாவைக் கையைப் பிடித்து அழைத்துவந்து டிவிக்கு முன்னால் உட்காரவைத்து, முதலில் அவள் பெயரை அடிக்கச் சொல்வேன்.

உன் கூடப் பிறந்தவள்,
தங்கை கஸ்தூரி