நவம்பர் பதினாறு நாங்கள் பாலைவனத்தில் இருப்போம்

பலெர்மோ,
05.10.2025

அன்புத் தம்பி ஆனந்தராசாவுக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே மூவரும் சுகம். உன் முதுகு நோவு குறைந்ததா, ரதிக்குப் பிரஷர் இறங்கியதா என்று அறிய விருப்பம். கல்யாண வீட்டு ஓட்டத்தில் உன் மனைவி குளிசை போட மறந்துவிடுவாள். நீதான் பார்த்துக் கொடுக்க வேண்டும்.

ஏன் கடிதம் என்று யோசிப்பாய். போனில் நீ என்னை ஒரு வசனம் முடிக்க விட்டதில்லை. கடிதத்தில் இடையில் புகுந்து கதைக்க உனக்கு வழியில்லை, அதுதான்.

கல்யாணக் கார்ட் வந்தது, நல்ல வடிவு. மாமிதான் ஆராத்தி எடுக்க வேண்டும் என்று உன் மகள் ஆரணி குரல் பதிவும் அனுப்பியிருந்தாள். கேட்டு அழுதேன். ஆனால் நவம்பர் பதினாறு நானும் அத்தானும் லண்டனுக்கு வரமாட்டோம். அன்றைக்கு நாங்கள் மகள் சயந்தினியோடு துனீசியாவில், ஜெபில் என்ற பாலைவனத் தேசியப் பூங்காவில் இருப்போம்.

போன மாதம் நீ போனில் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், பிறகு அக்கா கூட்டிச் சொன்னாள் என்று வரக்கூடாது. "அக்கா, நீங்களும் அத்தானும் வாங்கோ. சயந்தினியை விட்டிட்டு வாங்கோ. மாப்பிள்ளை பகுதி கேள்வி கேக்கும்." சொல்லிவிட்டு உடனே மண்டபத்துச் சாப்பாட்டைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினாய். நானும் விசரி மாதிரி ஓம் ஓம் என்றேன். போன் ஸ்பீக்கரில் இருந்தது தம்பி. கல்யாணத்துக்கென்று வாங்கின சீலைக்கு அவள் பக்கத்தில் இருந்து சட்டை அளவு பார்த்துக்கொண்டிருந்தாள். சீலையை மடித்து அலுமாரியில் வைத்தாள். எனக்கு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் நான் கேட்டேன், உனக்கு எங்கேயாவது போக ஆசையா பிள்ளை என்று. "மாப்பிள்ளை எங்கையெண்டு ஒருத்தரும் கேக்காத இடத்துக்கு" என்றாள். இங்கே கால்சாப் பகுதியில் அவள் வேலை செய்கிற ஹோட்டலில் ஆட்கள் இல்லாத நேரமெல்லாம் அந்தப் பாலைவன மணலைத்தான் போனில் பார்ப்பாளாம். அன்றைக்கே எனக்கும் காட்டினாள்.

எல்லாம் ஒழுங்கு செய்தாயிற்று. இங்கே துறைமுகத்தில் கப்பல் ஏறினால் துனிஸில் இறங்கலாம். அங்கிருந்து தெற்கே டூஸ் என்ற ஊருக்கு ஒருநாள் ஓட்டம். பிறகு வழிகாட்டியோடு ஜீப்பில் பூங்காவுக்குள் போய் இரண்டு நாள் கூடாரத்தில் தங்குவோம். முறுக்கின கொம்போடு வெள்ளை மான்கள் இருக்கின்றனவாம், கண்டால் எங்கள் யோகம்.

பக்கத்து வீட்டு அற்புதமலர் முதலில் கேட்டது, அங்கே எந்த மாதா கோயில் என்று. எங்கள் கோயிலில் வைத்து மற்றவர்கள் கேட்டது, "அங்கை ஆர் இருக்கினம்?" அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. இருபத்தாறு வருசமாக எங்களுக்கு லீவு என்றால் பாரிஸில் பிள்ளை பெரியவளான சாமத்திய வீடு, ஜெர்மனியில் செத்த வீடு. சொந்தமோ கோயிலோ இல்லாத ஊரில் நாங்கள் கால் வைத்ததில்லை. ஒருத்தரும் இல்லை, அதுக்காகத்தான் போகிறோம் என்றேன். எனக்கு விசர் என்று கதை உனக்கும் வந்து சேர்ந்திருக்கும்.

அத்தானும் முதலில் மறுத்தார். லிபெர்த்தா வீதியில் அவர் வாசல் காக்கிற கட்டடத்தில் லீவு தரமாட்டார்கள் என்றார், பிறகு சனம் என்ன சொல்லும் என்றார். நோர்வேயில் என் பிள்ளையின் கன்னம் வீங்கினபோது சனம் எங்கே நின்றது என்று கேட்டேன். அடுத்த நாளே மனிசன் லீவு கேட்டு எழுதிக் கொடுத்தார். இப்போது பலாறோ சந்தையில் மூன்று டோர்ச் வாங்கி வைத்திருக்கிறார், ரைஸ் குக்கரையும் பெட்டியில் வைத்துவிட்டார். மணலுக்குள்ளே எங்கே அப்பா பிளக் இருக்கும் என்று சயந்தினி விழுந்து விழுந்து சிரித்தாள். நோர்வேயிலிருந்து திரும்பி வந்ததற்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் கேட்கவில்லை.

நோர்வேச் சம்பந்தம் நீ கொண்டு வந்தது. குத்திக் காட்ட எழுதவில்லை. படத்தைப் பார்த்துத் தலையாட்டினவள் நான். அவன் முதல்தரம் கை நீட்டினபோது, பொறுத்துப் போ பிள்ளை என்று சொன்னவளும் நான்தான். மூன்றாந்தரம் அவள் எங்களைக் கேட்காமல் பெட்டியோடு வந்துவிட்டாள், நல்ல காலம். பிழை விட்டது நீயும் நானும். அதற்கு ஏன் தம்பி அவளை ஒளித்து வைக்கிறாய்?

மனம் மாறி அவளையும் கூப்பிடலாம் என்று நினைத்தால், என்னிடம் சொல்லாதே, அவளுக்குப் போன் எடுத்துச் சொல். வருவதும் விடுவதும் அவள் விருப்பம். கப்பல் டிக்கெட்டை நான் மாற்றமாட்டேன்.

பதினாறாம் திகதி முகூர்த்த நேரத்துக்கு நான் மணலில் நின்று உங்கள் பக்கம் திரும்பி ஆரணியை வாழ்த்துவேன். பிள்ளை குறையில்லாமல் வாழ வேண்டும். நல்ல காரியத்துக்கு முன்னால் இதை எழுதக்கூடாது என்று எனக்கும் தெரியும், எழுதுகிறேன். அவளுக்கு அப்படி ஒரு நாள் வரவே கூடாது. வந்து, அவள் பெட்டியோடு உன் வாசலில் நின்று, உனக்குச் சனத்துக்குப் பயமாக இருந்தால், அவளை என்னிடம் அனுப்பிவிடு. நான் அவளை எல்லாக் கல்யாண வீட்டுக்கும் கூட்டிக்கொண்டு போய் முன்வரிசையில் இருத்துவேன்.

உன்மேல் கோபமும் பாசமும் குறையாத
அக்கா,
விமலராணி